தறி ஆட்டிய ஏணை

என் கணவரின் அண்ணன் பொய் சொல்லிவிட்டார். போன வாரம் தெரு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைப் பிடித்து, "எங்க வூட்டுப் பசங்கள தறியே வளத்துச்சு. அழுவற சத்தமே கேக்காது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன். அவர் பேசினால் என் வாய் மூடிக்கொள்ளும், கை தானாக ஆடும். ஐம்பது வருடப் பழக்கம்.

அந்தப் பொன்னாடை பட்டுகூட இல்லை. ஆனால் அதன் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியதும் தறி அறை வந்துவிட்டது. புதுச் சேலையின் அந்த வாசனையில் மற்றவர்களுக்குக் கல்யாணம் நினைவு வரும். எனக்கு ஓர் ஏணைக் கயிறு.

அறுபதுகளின் கடைசி. எனக்கு இருபது வயது, முதல் பெண் பிறந்திருந்தாள். முப்பதாம் நாளே தறிக்கு வந்துவிட்டேன். என் கணவர் தறிக்குழியில் உட்கார்ந்து மிதிப்பார்; நான் பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ள வேண்டும். குழந்தையின் ஏணையிலிருந்து ஒரு கயிறு மிதிகட்டைக்குப் போகும். அவர் மிதிக்க மிதிக்க ஏணை ஆடும். கெட்டிக்கார ஏற்பாடு என்று நானும் நினைத்தேன்.

"தூக்கித் தூக்கி வெக்காதம்மா. கைச்சூடு கண்டுட்டா அப்பறம் எறங்காது" என்பார் அவருடைய அண்ணன். பால் கொடுக்கும்போதும் என் கண் கரையில்தான் இருக்கும், இழை அறுந்திருக்கிறதா என்று.

ஐந்தாம் மாதம் எனக்குப் பயம் பிடித்தது. நான் குனிந்தால் அவள் என் தோளுக்குப் பின்னால் தறியைப் பார்த்தாள். 'ங்கா' என்றால் பதில் வராது.

அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்று விடிந்ததிலிருந்து கத்தினாள். தூக்கினால் விறைத்தாள். பால் வேண்டாம், நான் வேண்டாம். யாரோ வேற்றுப் பெண் தூக்கியது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பயத்தில், செய்யக்கூடாததைச் செய்தேன். அவளை ஏணையில் போட்டு, குழியில் இறங்கி வெறுமனே மிதித்தேன். உடனே அடங்கிவிட்டாள். அவள் அடங்கியதுதான் இன்னும் பயமாக இருந்தது; மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.

பக்கத்து அறையிலிருந்து அண்ணன் வந்தார். "அமாவாசைன்னிக்குத் தறியில காலு வெக்கிறியா? வூடு வெளங்குமா?"

எங்கள் நாடாவுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றித் தரும் தெலுங்குக்கார அக்கா வாசலில் நின்றிருந்தாள். அவர் போனதும் கேட்டாள். "ஏம்மா, பாப்பாகிட்ட மூஞ்சி காட்டிப் பேசறியா நீ?"

"அஞ்சு மாசத்துக்கு என்னாக்கா புரியும்?"

"பேச்சு புரியாட்டி போவுது. உன்ன தெரிய வாணாமா அதுக்கு?"

கயிற்றை நறுக்கினேன். மறுநாள் அண்ணன் கட்டிவிட்டார். மறுபடி நறுக்கினேன். "தறி நின்னா சோறு நீ போடுவியா?" என்றார். என் கணவர் தலை குனிந்து இழை முடிந்துகொண்டிருந்தார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

தினமும் அங்கேதான். மடியில் மல்லாத்திப் போட்டு, முகத்துக்கு நேராகப் பேசினேன். என்ன பேசுவது? அரிசி, எறும்பு, காக்கா. தீர்ந்ததும் அவள் பெரியப்பாவைத் திட்டினேன். காலம் கடந்துவிட்டதோ என்று ஒவ்வொரு நாளும் நடுங்கினேன். இரண்டு வாரத்துக்கு மேல் ஒன்றுமில்லை. பிறகு ஒரு மத்தியானம், நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தபோது, என் வாயையே பார்த்துச் சிரித்தாள்.

பயம் மட்டும் போகவில்லை. இன்று அவளுக்கே ஐம்பது தாண்டிவிட்டது. காய்ச்சல் வந்தால் எனக்குச் சொல்ல மாட்டாள், கதவைச் சாத்திக்கொள்வாள். சுபாவமா, அந்த ஐந்து மாதமா, தெரியாது. கேட்கவும் பயம்.

தறிக்குழியைத் தூர்த்து டைல்ஸ் போட்டு வண்டி நிறுத்துகிறார்கள். கிணறு மூடியாயிற்று. அக்கா இல்லை, என் கணவர் இல்லை. அன்று அந்த வீட்டில் இருந்தவர்களில் மிச்சம் அவளும் நானும், பொன்னாடை போர்த்திக்கொண்ட நீங்களும்தான், மாமா. விடிந்ததிலிருந்து அவள் கத்தியபோது ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தீர்கள். ஒரு தடவையாவது வந்து அவளைத் தூக்கினீர்களா? என்னிடம் சொல்ல வேண்டாம். தெருவைக் கூட்டி, அவளையும் முன்னால் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.