என் ஹைட்ரேஞ்சியாவுக்குக் கண் பட்டது

அவசரமாக எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று நம் தோட்டக் குழுவில் என் பானிக்கிள் ஹைட்ரேஞ்சியாவின் படம் போட்டிருந்தேன் அல்லவா? குளிர்நாட்டுப் பூச்செடி. பாப்பாரப்பட்டி வெயிலில், பச்சை வலைக்கு அடியில், தொட்டியில் இரண்டு வருடமாக இலை மட்டுமே காட்டிய செடி. கடைசியில் கூம்பு கூம்பாக வெள்ளைப் பூ விட்டது.

'கண்ணு பட்டுடப் போகுது' என்று பலர் எழுதியிருந்தீர்கள். பெருமை தாங்காமல் அதையெல்லாம் மாமியாருக்குப் படித்தும் காட்டினேன்.

இன்று வேலை முடிந்து வந்து பார்த்தால் தொட்டி மண் முழுக்க ஈரம். மேலே காய்ந்த மிளகாய் கிடக்கிறது.

"என்னங்க அத்தை இது?"

"ஊரு கண்ணு படும்னு நீதானே படிச்சுக் காட்டுன? அதான் ரெண்டு கை கல்லுப்பும் மொளகாயும் எடுத்து மூணு சுத்து சுத்திப் போட்டேன்."

"சரிங்க, அந்த உப்பு?"

"கேஸ் அடுப்புல போட முடியுமா? தண்ணில கரைச்சேன். வூட்டுக்குள்ள ஊத்தக் கூடாது பாரு. செடிக்கும் தண்ணி வுட்ட மாதிரி ஆச்சுன்னு அதுலயே ஊத்திட்டேன்."

உப்பு வேரையே கருக்கிவிடுமே!

குடம் குடமாக நல்ல தண்ணீர் ஊற்றி மண்ணை அலசினேன். அத்தை பக்கத்திலேயே நின்று, "எவ்ளோ கண்ணு பட்டிருக்கு பாரு, இப்பவே எலையெல்லாம் தொங்குது" என்கிறார்.

உப்புத் தண்ணீர் குடித்த செடியைக் காப்பாற்றியவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள். பூ அழகாக இருக்கிறது என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள்.

வீட்டில் இன்னும் அரைப்படி கல்லுப்பு இருக்கிறது.