வெள்ளைமுடிக்காரியும் காயில் கட்டும் காசிநாதனும்

பெட்ரோலில் நனைத்த பனியன் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, முகர்ந்து பார்த்து, சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் துடைத்துவிட்டுத்தான் காசிநாதன் அந்தக் கையடக்க கேம் பெட்டியைத் தொடுகிறார். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில் அவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி, மோட்டாரை வெயிலில் சாய்த்து வைத்தால் அது காய ஒரு பொழுது ஆகும். அந்தப் பொழுதுதான் அவருடைய ஆட்டப் பொழுது. யாராவது வந்து "ஆச்சாண்ணே?" என்றால், பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "காஞ்சிக்கினு இருக்குதுப்பா" என்பார். மோட்டார் எப்போதோ காய்ந்திருக்கும்.

வெள்ளெழுத்து வந்து இரண்டு வருடமாகிறது. கண்ணாடி வாங்கி மேசை டிராயரில் போட்டு வைத்திருக்கிறார். போட்டுக்கொண்டால் ஆட்டக்காரன் போல இல்லாமல் பத்திரம் எழுதுகிறவர் போல இருக்கிறதாம். அதனால் கையை முழம் நீளத்துக்கு நீட்டிப் பெட்டியைப் பிடிக்கிறார். கடையின் மறுபாதியில் தையல் மெஷின் போட்டிருக்கும் அவருடைய மனைவி ஜெயசுதா இதைச் சும்மா விடுவதில்லை. "இன்னும் கொஞ்சம் நீட்டிப் புடிங்க. பெட்டி பஸ் ஸ்டாண்டுல இருக்கட்டும், நீங்க இங்கருந்து ஆடுங்க." காசிநாதன் கோபித்துக்கொள்ள மாட்டார். தன்னைக் கேலி செய்வதில் அவரே முந்திக்கொள்கிற ஆள். "எனக்கு வயசு நாப்பத்தி நாலு, ஆட்டத்துல லெவலு நாப்பத்தி மூணு. லெவலு ஏறணும்னா மாடா ஒழைக்கணும். வயசு பாரு, சும்மா குந்திக்கினு இருந்தாலே ஏறுது" என்பார்.

அந்த ஆட்டத்துக்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. இவருக்கு அது 'வௌக்கு ஆட்டம்'. ஊர் எரிந்து அநாதையான ஒரு பையன், கையில் விளக்கோடு எட்டு ராஜ்யங்களைச் சுற்றி, சண்டை போட்டுப் போட்டுப் பலம் கூடி, கடைசியில் ஓர் இரும்புக் கதவைத் திறக்க வேண்டும். முப்பது வருடத்துக்கு முன்னால் டிவியில் காசட் செருகி ஆடிய ஆட்டம். போன வருடம் அதையே புதுப்பித்து, கையடக்கப் பெட்டியில் ஆடும்படி வெளியிட்டார்கள்.

புதுசு வந்த நாளிலிருந்து காசிநாதனுக்கு வாய் ஓயவில்லை. வாட்ஸப்பில் ஒரு குழு இருக்கிறது. அதில் இருநூறு சொச்சம் தமிழ் ஆட்டக்காரர்கள், பாதிப் பேர் வளைகுடாவில். பழசை ஆடியவர் என்று அதில் இருப்பது இவர் ஒருவர்தான். அதனாலேயே அவருக்கு அங்கே ஒரு நாற்காலி. அவர் குரல் பதிவு போட்டால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். அவரும் நாற்காலி தாங்குகிற அளவுக்கு மேலேயே சாய்ந்து உட்கார்ந்தார். "முன்னல்லாம் ஒரு குகையில பூந்தா வெளிய வர வழி தெரியாது. நோட்டுல படம் போட்டுக்கினு போவோம். இப்ப அம்புக்குறி போட்டு, கல்யாணப் பொண்ண இட்டுக்கினு போற மாரி இட்டுக்கினு போறான். கஷ்டம் கம்மி, பளபளப்பு ஜாஸ்தி. இது ஆட்டமா, கண்காட்சியா?"

உளுந்தூர்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் விழுப்புரம் போய் வேலை பார்க்கும் சுபஸ்ரீ மட்டும் மறுத்துப் பேசுவார். "அண்ணா, எனக்குப் பஸ்ல போவ முக்கா மணி, வர முக்கா மணி. அதுலயும் ஜன்னலோரம் கெடைச்சாத்தான் ஆட்டம். அம்புக்குறி இல்லன்னா நான் ரிட்டயர்டு ஆயித்தான் முடிக்கணும்." குழு சிரிக்கும். காசிநாதனும் சிரிப்பார். ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டார்.

சிக்கல் இரும்புக் கதவில் வந்தது. கதவுக்கு முன்னால் வெள்ளைமுடிக்காரி ஒருத்தி நிற்கிறாள். ஆட்டத்தின் தொடக்கத்தில், ஊர் எரிந்த அன்று, அநாதைப் பையன் தலையில் கைவைத்து விளக்கைக் கொடுத்தவள் அவள்தான். பையனுடைய அம்மா. புதுசில் அவளோடு சண்டை போட்டே ஆக வேண்டும். சண்டையிலிருந்து ஓடுவதற்கு மற்ற இடங்களில் ஒரு பொத்தான் உண்டு. இங்கே மட்டும் அது மங்கலாகி, அமுக்கினால் அமுங்கவில்லை. காசிநாதனுக்கு வந்ததே கோபம். வார்னிஷ் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நாலு நிமிடக் குரல் பதிவு போட்டார். "பெத்த தாயக் கொல்லச் சொல்றான். பழசுல இப்பிடி இல்ல. நான் முடிச்சவன் சொல்றேன். கதையவே நாசம் பண்ணிட்டானுங்க." அன்று பொழுது சாய்வதற்குள் குழுவில் நாற்பது பேர், அந்த ஆட்டத்தை விற்கும் இணையப் பக்கத்துக்குப் போய், தாயைக் கொல்லச் சொல்லும் ஆட்டம் என்று எழுதி, ஆளுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் குத்திவிட்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லாரும் அழைப்பில் கூடிப் பேசுவது, காசிநாதன் தலைமை வகிப்பது, கம்பெனிக்குக் கண்டனக் கடிதம் அனுப்புவது என்று முடிவானது.

சுபஸ்ரீ கொஞ்ச நேரம் கழித்துத் தனியாக ஒரு கேள்வி அனுப்பினார். "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க அம்மான்னு எந்த எடத்துல வருது? நான் ரெண்டு தடவ முடிச்சிட்டேன். அப்படி ஒரு வரி என் கண்ணுல படல."

காசிநாதன் கொஞ்சம் ஆடிப்போனார். ஏனென்றால் புதுசில் வந்த வசனம் எதையும் அவர் படித்திருக்கவில்லை. கதைதான் தெரியுமே என்று பொத்தானைத் தட்டித் தட்டித் தாண்டி வந்திருந்தார். டிராயரைத் திறந்தார், கண்ணாடியை எடுத்தார், ஆட்டத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். ஆங்கில வசனத்தின் கீழே விரலை வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை போல எழுத்துக்கூட்டிப் படித்தார். ஊர் எரிகிறது. வெள்ளைமுடிக்காரி வருகிறாள். பையன் தலையில் கை வைக்கிறாள். அப்போது அவள் சொல்வது இதுதான்: இது ஒன்று மட்டும் தப்பிவிட்டதா, இருக்கட்டும், இந்த விளக்கின் வெளிச்சத்தில் எங்கே ஒளிந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். ஊரைக் கொளுத்தியவளே அவள்தான்.

அப்போதுதான் அவருக்கு, தான் மறந்தே போயிருந்த ஒன்று நினைவுக்கு வந்தது. சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்த சித்தப்பா, கடையில் கைக்கு அகப்பட்டதை வாங்கி வந்த காசட் அது. முழுக்க ஜப்பான் எழுத்து. இரண்டு கோடும் ஒரு குச்சியும் இருந்தால் அடி, குடை போல இருந்தால் மருந்து, வால் இருந்தால் ஓடு என்று பதின்மூன்று வயதில் நோட்டில் வரைந்து வைத்து ஆடினார். கதையை யாரும் சொல்லவில்லை, அவரே கட்டிக்கொண்டார். ஊர் எரிந்த பிள்ளையின் தலையில் ஒருத்தி கை வைத்தால் அவள் வேறு யாராக இருக்க முடியும்? முப்பது வருடத்தில், தானே கட்டிய கதை என்பது மறந்துபோய், கம்பெனி சொன்ன கதை என்றே ஆகிவிட்டது. உடனே மனோதத்துவம் பேச யாரும் கிளம்ப வேண்டாம். அவருடைய சொந்த அம்மா எலவனாசூர்கோட்டையில் தம்பி வீட்டில் நன்றாகவே இருக்கிறார். தினமும் போன் போட்டு மருமகளைப் பற்றிக் குறை சொல்கிறார்.

இன்னொன்றும் இருந்தது. பழசை அவர் முடிக்கவே இல்லை. இரும்புக் கதவருகே அம்மா அடிப்பாள், பையன் திருப்பி அடிக்க மாட்டான், வால் எழுத்தை அமுக்கி ஓடிவிடுவான். கதவு திறக்காது. நூறு முறையாவது ஓடியிருப்பார். கடைசியில் காசட்தான் பழுது என்று முடிவுகட்டி, ஊதிப் பார்த்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, திருப்புளியால் பிரித்தும் போட்டார். "நான் மொதமொதல்ல ரிப்பேர் பண்ண சாமானே ரிப்பேர் ஆவாத சாமான்தான்" என்று ஜெயசுதாவிடம் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவர் வார்த்தையை நம்பி நாற்பது பேர் ஒரு குற்றமும் செய்யாத ஆட்டத்தின் மேல் சேறு வாரி அடித்திருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் நாற்காலி போய்விடும். பேசாமல் இருந்துவிட்டால் சுபஸ்ரீக்குத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணும் ஊரைக் கூட்டிச் சொல்கிற ரகம் இல்லை.

"சொல்லிடுங்க. வூட்டுல பொய் சொன்னா நான் ஒருத்தி. அங்க எரநூறு பேரு" என்றார் ஜெயசுதா, மெஷினை நிறுத்தாமல்.

சனிக்கிழமை கல்வராயன் மலையில், கரியாலூருக்கு அந்தப் பக்கம், முனியன் என்பவருடைய மரவள்ளிக் காட்டுக்கு மோட்டார் இறக்கப் போயிருந்தார். மோட்டார் தண்ணீர் எடுக்க ஆரம்பித்ததும், வரப்பில் குந்தி போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டார். "தம்பிங்களா, தங்கச்சிங்களா, காசிநாதன் பேசுறேன். பழச நான் ஆடுனது ஜப்பான் எழுத்துல. அதுல ஒரு எழுத்து எனக்குத் தெரியாது. அந்த வெள்ளைமுடிக்காரிய அம்மான்னு சொன்னது கேமு இல்ல, நானு. நான் முடிக்கவும் இல்ல, அதுவும் பொய்யி. நீங்க குத்துன ஒத்த நட்சத்திரத்த தயவுசெஞ்சி எடுத்துடுங்க. மன்னிச்சிக்குங்க."

முனியன் மடை திருப்பிக்கொண்டே கேட்டார். "யார்கிட்டண்ணே மன்னிப்பு கேட்டுக்கினு இருக்கீங்க?"

"எரநூறு பேருகிட்ட."

"அவ்ளோ பேருக்கு இன்னாண்ணே பண்ணீங்க?"

காசிநாதன் அனுப்பும் பொத்தானை அமுக்கினார்.

மலையில் சிக்னல் கிடையாது. பதிவு போகாமல், பக்கத்தில் ஒரு குட்டிக் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. கீழே இறங்கும் வழியில் ஏதோ ஒரு வளைவில் சிக்னல் பிடிக்கும், அந்த இடத்தில் தானாகப் போய்விடும். அதுவரை அழிக்க அவகாசம் உண்டு. சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு வண்டியை இறக்கினார். முதல் வளைவில் நிறுத்தி, எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்தார். மூன்றாவது வளைவில் இறங்கி ஒன்றுக்குப் போவதுபோல் நின்று, அழிக்கும் பொத்தான் வரைக்கும் கட்டைவிரலைக் கொண்டுபோனார். நாற்பத்து நான்கு வயதில், பொண்டாட்டிக்காரன், கடைக்காரன், ஒரு வீடியோ கேமுக்காக மலைப்பாதையில் நின்று நடுங்கிக்கொண்டிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. "டேய் காசி, ஏறுடா வண்டில" என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டு கிளம்பினார். பிறகு எங்கும் நிறுத்தவில்லை. சமவெளி தெரிகிற திருப்பத்தில் சட்டைப் பை அதிர்ந்தது. அடுத்தடுத்து அதிர்ந்துகொண்டே வந்தது.

வீட்டுக்கு வந்துதான் பார்த்தார். சிரித்தவர்கள் பாதி. மூன்று பேர் குழுவைவிட்டே போயிருந்தார்கள். ஒருவர் 'ஜப்பான் அண்ணன்' என்று பட்டமே கட்டிவிட்டார். நட்சத்திரம் குத்தியவர்கள் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுபஸ்ரீ மட்டும் எழுதியிருந்தார்: "அண்ணா, நாளைக்குக் கூட்டத்துல நீங்கதான் பேசணும். ஆனா முடிச்சிட்டு வந்து பேசுங்க."

ஞாயிறு மதியம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முன்பு விட்டிருந்த ஆட்டத்தைத் திறந்து, இரும்புக் கதவின் முன்னால் போய் நின்றார். வெள்ளைமுடிக்காரி சொன்ன ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தார். ஒன்றையும் தாண்டவில்லை. உன் ஊரைக் கொளுத்தியது யார் தெரியுமா என்று அவள் கேட்டபோது, "தெரியும், படிச்சிட்டேன்" என்று பெட்டியிடம் சொன்னார். அடி என்ற பொத்தானை அமுக்கினார். பதினோரு அடியில் அவள் விழுந்தாள். கதவு திறந்தது. இசை எழும்பி, ஆட்டத்தைச் செய்தவர்களின் பெயர்கள் வரிசையாக மேலே போக ஆரம்பித்தன. முப்பது வருடமாகக் காத்திருந்த அந்த முடிவை அவர் பார்க்கவில்லை. பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

கறிக்குழம்பை இறக்கிக்கொண்டிருந்த ஜெயசுதா, பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். எண்ணெய் வைக்கவில்லை, சீயக்காய் எடுக்கவில்லை. உடுத்த லுங்கியோடு தொட்டியடியில் குந்தித் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார் காசிநாதன். சாவுச் சேதி கேட்டவர்கள்தான் அப்படி ஊற்றிக்கொள்வார்கள். "இன்னாங்க? எலவனாசூர்லருந்து எதனா போன் வந்துச்சா?"

"எங்கம்மா நல்லாத்தான் இருக்குது" என்றார் காசிநாதன். முகத்தை ஒரு கையால் வழித்துவிட்டு, இன்னொரு சொம்பு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார்.