அசையாதீங்க என்று சொன்னது நான்தான்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கார்த்திகை மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த நாட்களில், அடையாறு பக்கம் ஒரு மருத்துவமனையில் நடந்தது இது. என் கணவர் அங்கே ஐசியூவில் இருபத்திரண்டு நாள் படுத்திருந்தார். எழுத உட்கார்ந்தால் இப்போதும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இதில் பெரிய தப்பைச் செய்தவள் நான்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பது வருடமாகப் புடவைப் பிரிவில் விற்பனையாளர். விரிப்பது, மடிப்பது, மறுபடி விரிப்பது, இதுதான் வேலை. ஒரு கல்யாணக் கூட்டம் வந்து அறுபது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு இரண்டை எடுத்துக்கொண்டு போகும். மிச்சத்தை முகம் சுளிக்காமல் மடித்து வைப்பார். பேச்சையெல்லாம் கடையிலேயே பேசித் தீர்த்துவிடுவதால் வீட்டில் வாய் திறக்க மாட்டார். நான் சொல்வேன், அவர் தலையாட்டுவார். நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எங்கள் குடித்தனம் இப்படித்தான் ஓடுகிறது, எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். மூன்றாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரல் இரண்டிலும் நிமோனியா என்றார்கள். வாய் வழியாகக் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். எங்கள் ஒரே மகளுக்கு அப்போது பிரசவமாகிப் பத்து நாள், கோயம்புத்தூரில் இருந்தாள். அதனால் கையெழுத்துப் போடுவது, மருந்து வாங்குவது, அழுவது எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான்.

காலை பத்தரைக்குக் கால் மணி நேரம், மாலை ஐந்துக்குக் கால் மணி நேரம் உள்ளே விடுவார்கள். ஐசியூவில் சேர்த்த நாலாம் நாள் காலை நான் போனபோது அவர் கட்டிலில் படுத்திருக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார வைத்திருந்தார்கள். வாயில் குழாய், கழுத்தில் ஊசி, மூக்கில் இன்னொரு குழாய். தலை நிற்காமல் ஆடுகிறது. இரண்டு நர்ஸ்கள் இரண்டு பக்கமும் பிடித்திருக்க, பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்து அவர் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தது ஒரு சின்னப் பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். தலையில் முக்காடு மாதிரி ஒரு துணி கட்டியிருந்தாள். பிசியோதெரபிஸ்ட்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு குரல் வந்ததோ! "சீக்காளி மனுசன என்ன பண்ணுதீக? படுக்க வைங்க முதல்ல!" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரருடைய மானிட்டரே கீச்சிட்டது. அந்தப் பெண் பதறாமல் அவரை மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "ஆன்ட்டி, அவருக்கு நினைவு நல்லா இருக்கு. இப்பவே கொஞ்சம் கொஞ்சமா உட்கார வச்சாத்தான் சதை கரையாம இருக்கும். பிரஷர், ஆக்ஸிஜன் எல்லாம் பார்த்துக்கிட்டேதான் செய்யறோம்" என்றாள்.

நான் கேட்டால்தானே? உடம்புக்கு முடியாதவர்கள் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். என் மாமனாருக்கு, என் அப்பாவுக்கு எல்லாம் அப்படித்தான் பார்த்தேன். ஒரு டம்ளரை எடுக்கக்கூட விட்டதில்லை. டாக்டர் கூப்பிட்டுப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க பொறுப்பா?" என்று அவரையே மடக்கினேன். ஒரு காகிதம் வாங்கி, என் அனுமதியில்லாமல் இவருக்கு எந்தப் பயிற்சியும் கொடுக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தேன்.

அதோடு விட்டேனா? சாயந்திரம் உள்ளே போனதும் அவர் காதருகே குனிந்து, "ஏங்க, யார் வந்து என்ன சொன்னாலும் அசையாதீங்க. கை காலைத் தூக்கச் சொன்னாலும் தூக்காதீங்க. நான் இருக்கேன், நான் பார்த்துக்கிடுதேன்" என்றேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். வழக்கமான தலையாட்டல் மாதிரிதான். காவல் காத்துவிட்ட திருப்தியோடு பஸ் ஏறினேன்.

ஆறு நாள் போனது. காய்ச்சல் இறங்கியது, எக்ஸ்ரே தெளிந்தது. வாய்க்குழாயை எடுத்துவிட்டுக் கழுத்தில் துளை போட்டு அதன் வழியாக மூச்சு கொடுத்தார்கள். நல்ல செய்தியாக வந்துகொண்டிருந்த நேரத்தில் டாக்டர் கூப்பிட்டார். மிஷினைக் குறைத்துப் பார்த்தார்களாம், இரண்டு முறையும் பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லையாம். "நுரையீரல் தேறிடுச்சும்மா. ஆனா மூச்சை இழுக்கறதும் தசைதான். உடம்பு பூரா தசை போயிடுச்சு. இப்படியே போனா மிஷினை விட்டு வர்றது கஷ்டம்" என்றார்.

நான் உள்ளே போய்ப் போர்வையை விலக்கிப் பார்த்தேன். நாள் முழுக்க நின்று நின்று இறுகிய கால் அவருடையது. தொடை என் கை அளவுக்கு வந்திருந்தது. தோல் மட்டும் தனியாகத் தொங்கியது. "நான்தானா டாக்டர்?" என்று கேட்டேன். "முக்காவாசி நோய் பண்ணது. உங்க மேல மட்டும் போட்டுக்காதீங்க. ஆனா படுத்திருக்கற ஒவ்வொரு நாளும் சதையைத் தின்னும்மா" என்றார். பூசி மெழுகாமல் சொன்னதற்கு அவருக்கு இன்றும் நன்றி. அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி நானே கிழித்தேன்.

மறுநாளே அந்தப் பெண் வந்தாள். என் மேல் ஒரு துளி கோபமும் முகத்தில் இல்லை. ஆனால் இப்போது வேறு சிக்கல். அவர் எதற்கும் இசையவில்லை. காலைத் தூக்கச் சொன்னால் மாட்டேன் என்று தலையை அசைக்கிறார். கையை நீட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறார். இரண்டு நாள் இதே கதை. மனம் விட்டுப்போயிருக்கும், ஐசியூவில் சிலருக்கு இப்படி ஆகும் என்று நர்ஸ்கள் பேசிக்கொண்டார்கள். வாழப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று நான் பயந்தேன். கழுத்துக் குழாயினால் அவரால் பேசவும் முடியாது.

மூன்றாம் நாள் அந்தப் பெண் அனுமதி வாங்கி, பார்வை நேரம் இல்லாத நேரத்தில் என்னையும் உள்ளே அழைத்தாள். கட்டிலின் தலைப்பக்கத்தை நிமிர்த்தி வைத்து, அவர் முகத்துக்கு நேராக நின்று, "அங்கிள், உங்களுக்கு வலிக்குதா?" என்றாள். இல்லை என்று தலையசைத்தார். "பயமா இருக்கா?" இல்லை. "அப்புறம் ஏன் மாட்டேங்கறீங்க? சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?"

அவருடைய வலது கை போர்வையிலிருந்து எழும்பியது. ஒரு சாண் உயரம்தான். நடுங்கிக்கொண்டே வந்து, ஆள்காட்டி விரல் நீண்டது, என்னைப் பார்த்து. கிட்டே வரச் சொல்கிறார் என்று நினைத்துக் கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். விரலும் என்னோடேயே திரும்பியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அசையாதே என்று நான் சொல்லியிருந்தேன். அசையலாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை. டாக்டர் சொல்லட்டும், நர்ஸ் சொல்லட்டும், அந்த மனிதருக்கு நான் சொல்ல வேண்டும்.

"ஐயோ, நான்தான் சொல்லி வச்சேன்... அசையக் கூடாதுன்னு" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் ஒரு விநாடி விழித்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தரை துடைத்துக்கொண்டிருந்த வார்டு ஆயா துடைப்பத்தை நிறுத்திவிட்டு, "இன்னாம்மா நீ, டாக்டருக்கு மேல டாக்டரா கீற! புருசன் மேல இருக்கற கண்டிசன எடும்மா மொதல்ல" என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவர் கையைப் பிடித்து, "நான் தெரியாம சொல்லிட்டேங்க. இந்தப் பொண்ணு என்ன சொல்லுதோ அதைச் செய்யுங்க" என்றேன். கண்ணை மூடித் திறந்தார்.

அன்றைக்கே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். இரண்டு நிமிஷம். மறுநாள் நாலு. அவருக்கு என்ன வேலை என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். சொன்னதும், "துவைச்சு இஸ்திரி போட்ட காட்டன் புடவை ஒண்ணு கொண்டு வாங்க ஆன்ட்டி" என்றாள். என்னுடைய பச்சைச் சுங்குடிப் புடவையைக் கொண்டுபோனேன்.

அதை அவர் மடியில் வைத்துவிட்டு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கடைக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்தாள். "எனக்கு அடுத்த மாசம் நிக்காஹ் அங்கிள். திருவல்லிக்கேணியில இருந்து வர்றேன். நல்லதா ஒண்ணு காட்டுங்க" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன், நிஜமாகவே கல்யாணமாம். அவர் புடவையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். விரல்கள் தானாக மடிப்பின் ஓரத்தைத் தேடிப் பிடித்தன. பிரித்தார். முந்தானையை எடுத்து வெளிச்சத்துக்கு நேராக உயர்த்திக் காட்டினார். முந்தானையைத்தான் முதலில் காட்ட வேண்டும், அது அவர் வழக்கம். தோளுக்கு மேலே போயிருந்தது கை. அதற்கு முந்தைய நாள் அவரால் சோற்றுக் கரண்டிகூடப் பிடித்திருக்க முடியாது. "வேற கலர் இருக்கா?" என்றாள் அவள் விடாமல். இருக்கிறது என்று தலையசைத்துவிட்டு, இதை மடிக்க ஆரம்பித்தார். ஓரம் ஒன்றுக்கொன்று சேரவில்லை. பிடிக்காமல் உதறிவிட்டு மறுபடி மடித்தார். மூச்சு வாங்கியது. நான் வழக்கம்போல "விடுங்க, நான் மடிக்கேன்" என்று கையை நீட்டிவிட்டேன். அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள், கையை இழுத்துக்கொண்டேன். அவர் மடித்து முடித்தபோது பன்னிரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தார்.

பிறகு நின்றார். பிறகு ஒரு நாள், சின்ன வென்டிலேட்டரைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் கூட வர, ஜன்னல் வரை எட்டு அடி நடந்தார். அந்தப் பெண் பின்னாலேயே போனாள். அவள் கை அவர் முதுகுக்கு ஒரு சாண் பின்னால் விரிந்தபடியே வந்தது. ஆனால் தொடவில்லை. "பிடிச்சுக்கோம்மா, பிடிச்சுக்கோ" என்று நான் இங்கிருந்து தவித்தேன். திரும்பி வந்ததும் அவள் சொன்னாள்: "நான் பிடிச்சா என் மேல சாஞ்சுடுவார் ஆன்ட்டி. தடுமாறினா மட்டும் பிடிக்கத்தான் இந்தக் கை."

அடுத்த வாரமே மிஷினை எடுத்தார்கள். தொண்டைத் துளை மூடியபின் அவர் பேசிய முதல் வார்த்தை, "அந்தப் பொண்ணுக்குக் கல்யாணப் புடவை எடுத்தாச்சா?" என்பதுதான். என்னை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. சண்டை போட்டிருப்பேன், அவர் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

இப்போது அரை நாள் கடைக்குப் போகிறார். எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மதியம் திரும்பி வரும்போது பையை அவரேதான் தூக்குவார், ஒவ்வொரு படியாக ஏறுவார். நான் பின்னால் வருவேன், கை ஒரு சாண் தள்ளியே வரும். நான் பார்த்துக்கிடுதேன் என்று நாக்கு நுனி வரை வரும்போதெல்லாம், நடுங்கிக்கொண்டே என் பக்கம் திரும்பிய அந்த விரல் ஞாபகம் வந்து, அவர் கடைசிப் படியில் கால் வைக்கும் வரை வாயைத் திறக்காமல் நிற்கிறேன்.