அழித்த பெயர்

“எழுந்திரு ராசா, விடிஞ்சாச்சு” என்று கணினியிடம் சொல்லிக்கொண்டேதான் பொத்தானை அழுத்துவாள். மாடிப்படிக்கு அடியில், காலை நீட்டினால் எதிர்ச்சுவர் இடிக்கும் கடை. பழைய மடிக்கணினிகளுக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஏற்றிக் கொடுப்பது பிழைப்பு. மூக்குக்கண்ணாடியின் உடைந்த காதுக்கு ஒயரைச் சுற்றியிருப்பாள். எந்தக் கணினியானாலும் மூன்று முறை எழுப்பிப் பார்த்து, அணைத்து, மூடித்தான் கையில் தருவாள். தலைகீழாக நின்றாலும் அதில் மாற்றமில்லை. தெருவில் பெயரே “மூணு தரம் அக்கா”. பேய், ஆவி என்று யாராவது வாயைத் திறந்தால், “கரண்ட் இல்லாம அதுவும் வராது, போய் வேலையப் பாருங்க” என்பாள்.

அன்று காலை வந்தவள் தையல்காரி. கணவன் போய் இரண்டு மாதம்.

“ஆன் பண்ணதும் அவருதாங்க என்னத்தையோ தட்டுவாரு, வைஃபை வந்துடும். எனக்கு ஒரு எழவும் புரியல. பொண்ணு பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில சேர்ந்து நாலு நாளாச்சு. தினம் பத்து மணிக்கு இதுல வீடியோவுல கூப்பிடறா. இன்னும் அவ மூஞ்சியவே பாக்கல.”

“அட, இதுக்கா அழறீங்க? கண்ணு முழிக்கும்போதே அதுவா புடிச்சுக்கிற மாதிரி எழுதிடறேன்.”

வைஃபை பெயர்கள் இருக்கும் கோப்பை அக்கா திறந்தாள். ஒரே ஒரு பெயர் இருந்தது: ‘தாடி’.

“அவரு போனுங்க. அதுலேருந்துதான் வைஃபை குடுப்பாரு. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும்” என்றாள் தையல்காரி.

அக்கா அதை அழித்தாள். தையல்காரி வீட்டில் புதிதாகப் போட்டிருந்த வைஃபை, சோதனைக்குத் தன் கடை வைஃபை, இரண்டையும் கடவுச்சொல்லோடு எழுதினாள். விழித்ததும் இந்தக் கோப்பைப் பார் என்று கணினிக்குக் கட்டளை போட்டாள்.

முதல் தரம் எழுப்பினாள். திரை மூலையில் இணைப்பு முழுசாக நின்றது. பெயர் ‘தாடி’.

சேமிக்க மறந்தோமோ என்று கோப்பைப் பார்த்தாள். அந்தப் பெயர் அங்கே இல்லை. இரண்டாம் தரமும் ‘தாடி’தான்.

“வீட்டுக்காரர் போன் பையில இருக்கா?”

“அது எங்கங்க பையில? சாகும்போது கையில இறுக்கிப் புடிச்சிருந்தாரு. புடுங்க மனசு வரல. அப்படியே குழிக்குள்ள வெச்சுட்டோம்.”

மூணு தரம் அக்கா கணினியிலிருந்து கையை எடுத்தாள். ஆனாலும் விடுகிற ஆளா? கடை வைஃபையின் ஒயரையே பிடுங்கிப் போட்டாள். மூன்றாம் தரம் பொத்தானை அழுத்தும்போது, ராசா என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. கூப்பிடாமலே கணினி எழுந்தது, முன்னைவிட வேகமாக. ‘தாடி’.

பத்து மணி. அழைப்பு மணி ஒலித்தது. திரையில் மகளின் முகம்.

“அம்மா! எங்கம்மா போன நாலு நாளா? இன்னிக்கு என்னம்மா இவ்ளோ தெளிவா தெரியற?”

தையல்காரி இரண்டு உள்ளங்கைகளையும் திரையில் பதித்தாள். அழுகைக்கு நடுவே திரும்பிப் பார்த்து, “யாரு வைஃபைங்க இது? உங்களுதா?” என்று கேட்டாள்.

அக்கா தான் பிடுங்கிப் போட்ட ஒயரைப் பார்த்தாள்.

“உங்களுதுதான்.”

பேசி முடிந்தது. வழக்கப்படி அணைக்க வேண்டிய நேரம். பொத்தான்வரை போன விரல் திரும்பிவிட்டது. மூடியைத் திறந்தபடியே வைத்து, தூங்காத குழந்தையைத் தாயிடம் கொடுப்பதுபோல, கணினியை இரண்டு கைகளாலும் ஏந்தி நீட்டினாள்.