வேறு தெருக்காரர்கள் சாப்பிட வேண்டும்

போன பௌர்ணமியன்று, கொளுத்துகிற வெயிலில், கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை பக்கம் ஒரு புளிய மரத்தடியில் நின்றுகொண்டு, 'யாராவது பசியோடு வர மாட்டார்களா' என்று ஏங்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்தவர் பசிக்கு ஏங்குவது என்ன புத்தி என்று கேட்காதீர்கள். எனக்குப் பின்னால் ஓர் அண்டா நிறையச் சாம்பார் சாதம். எதிர்ப் பக்கத்தில் இன்னோர் அண்டா. அதில் பிரிஞ்சி. இரண்டுக்கும் நடுவில் தார்ச் சாலை. சாலையில்... ஓர் ஆள் இல்லை.

எப்படி இந்த நிலைமைக்கு வந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவுக்கும் பின் தெருவுக்கும் ஆகாது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. நடுவில் இருப்பது ஒரு சாக்கடை. அதற்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் நம்மவர்கள் இல்லை — அவ்வளவுதான். தண்ணீர் லாரி முதலில் எங்கே நின்றது, யார் வைத்த பிள்ளையார் உயரம், மார்கழியில் யார் கோலம் பெரிசு... எல்லாவற்றிலும் போட்டி.

நான் இரண்டு தெருவுக்கும் ஜாக்கெட் தைப்பவள். அதனால் ஒன்று எனக்கு நன்றாகத் தெரியும். அளவெடுக்கும்போது இரண்டு தெருப் பெண்களும் ஒரே மாதிரிதான் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே வைத்துக்கொள்கிறார்கள். ஒரே மாதிரிதான், "அந்தத் தெருக்காரிங்க இப்ப எந்த மாடல் தைக்கிறாங்க?" என்று விசாரிக்கிறார்கள். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சே வராது. வாரா வாரம் இந்தப் பத்தியில் எங்களிடம் மட்டும் இவ்வளவு பேசுகிறாயே என்கிறீர்களா? உங்கள் முகம் எனக்குத் தெரியாதே... அந்தத் தைரியம்தான்.

கொஞ்ச காலமாக இரண்டு தெருவும் பௌர்ணமிக்கு அன்னதானம் செய்கின்றன. முறைப்படி அனுமதி வாங்கித்தான். இடம்தான் பிரச்சினை. அந்தப் புளிய மரத்தைச் சுற்றி ஒரு சிமென்ட் மேடை இருக்கிறது. நடந்து களைத்தவர்கள் கூப்பிடாமலே அங்கே வந்து உட்காருவார்கள். மரத்தடி யாருக்குக் கிடைக்கிறதோ அவர்கள் அண்டாதான் முதலில் காலியாகும். யார் முந்தி வருகிறார்களோ அவர்களுக்கு மரத்தடி.

ஒரு மாதம் அவர்கள் பொழுது சாய வந்து பிடித்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் நாங்கள் மதியமே போனோம். அதற்கடுத்த மாதம் அவர்கள் இன்னும் முந்தினார்கள். இந்த முறை எங்கள் தெருவின் தலைவர் தனசேகர் அண்ணன் — பெயின்ட் கடை வைத்திருக்கிறார், அவர் குரலுக்கு மைக் தேவையில்லை — "இந்த வாட்டி காலைலயே போயிடறோம்" என்று அறிவித்தார். அந்தக் குரல் சாக்கடையைத் தாண்டாமல் இருக்குமா? விடிவதற்குள் இரண்டு தெருவிலும் அடுப்பு எரிந்தது. இரண்டு குட்டி யானை வண்டிகளும் முன்னும் பின்னுமாக ஹாரன் அடித்துக்கொண்டே போயின. மரத்தடி எங்களுக்குக் கிடைத்தது.

ஜெயித்த சந்தோஷத்தில் அண்டாவை இறக்கி, பேனரைக் கட்டி, தொன்னைகளை அடுக்கி முடித்த பிறகுதான் கூட்டத்தில் ஒருத்தர் மெதுவாகக் கேட்டார்: "ஏம்பா, திதி எப்ப ஆரம்பிக்குது?"

சாயங்காலத்துக்கு மேல்தான் ஆரம்பம்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இது தெரியாதா? வெளியூர் பஸ் டிரைவருக்குத் தெரியும். லாட்ஜ்காரர் வாசலிலேயே எழுதி மாட்டியிருப்பார். ஆனால் நாங்கள் யாரும் காலண்டரைப் பார்க்கவில்லை. பின் தெரு அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்கள் எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பருப்பும் காயும் போட்டுக் கிளறிய சோறு அந்த வெயிலில் சாயங்காலம் வரை தாங்குமா? தேங்காய்ப் பால் ஊற்றிய பிரிஞ்சிதான் தாங்குமா? சாமியார்கள் எல்லாம் வேறு இடத்தில் சாப்பிட்டுவிட்டு நிழலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்பினால் கோபம் வரும்.

மற்றவர்களுக்கு இது வெறும் சங்கடம். மல்லிகா அக்காவுக்கு அப்படி இல்லை.

இந்த மாதச் சோறு மல்லிகா அக்காவின் வேண்டுதல். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவர். அவர் வீட்டுக்காரர் முருகையன் அண்ணன் ஆட்டோ ஓட்டுபவர். விபத்தில் கால் ஒடிந்து கட்டிலோடு கிடந்தார். இனி நடப்பது கஷ்டம் என்று சுற்றிலும் எல்லோரும் சொல்லியாகிவிட்டது. அப்போது அக்கா மலையைப் பார்த்துக் கும்பிட்டு வேண்டிக்கொண்டாராம்: 'அவர் எழுந்து நடந்தா ஒரு அண்டா சோறு போடறேன். ஒரு பருக்கை வீட்டுக்குத் திரும்பி வராது.' அவர் எழுந்தார். நடந்தார். இப்போது ஆட்டோவும் ஓட்டுகிறார்.

அந்த அண்டாதான் என் பின்னால் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அக்கா அதன் மூடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்... ஜுரம் வந்த பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போல.

ஒரு வழியாக ஓர் ஆள் வந்தார். குடை பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல், வேகமாக. நாங்கள் இந்தப் பக்கத்திலிருந்து ஓடினோம். அவர்கள் அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்தார்கள். கண்மூடித் திறப்பதற்குள் அவருடைய ஒரு கையில் சாம்பார் சாதம், இன்னொரு கையில் பிரிஞ்சி. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மிரண்டுபோய் நின்றார்.

"முதல்ல நம்மளுதைச் சாப்பிடுங்க சாமி, சூடா கீது" என்றார் தனசேகர் அண்ணன்.

"அது வெறும் சாம்பார் சாதம் சாமி. இது பிரிஞ்சி, முந்திரி போட்டது" என்றார் பின் தெருத் தலைவர் ஏழுமலை அண்ணன். லாரி ஷெட்டில் மெக்கானிக். மீசையே ஒரு முழம் இருக்கும்.

அந்த மனிதர் இருவரையும் பார்த்தார். "கீழ்பென்னாத்தூர்லேர்ந்து வரேங்க" என்றார். "இன்னிக்கி நான் விரதம்ங்க."

இரண்டு தொன்னைகளும் அண்டாக்களுக்குத் திரும்பின. அவர் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். அதுவும் எந்தப் பக்கத்துத் தண்ணீர் என்று ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது.

வெயில் ஏற ஏற எங்கள் வயிறு கத்த ஆரம்பித்தது. பரிமாறுகிறவர்கள் கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்பது இரண்டு தெருவிலும் வழக்கம். விடியற்காலையில் குடித்த டீயோடு நிற்கிறோம்.

"பேசாம நாமளே சாப்பிட்டு முடிச்சிடலாம்பா. வீணாவறதுக்கு அது மேல்" என்றார் தனசேகர் அண்ணன்.

மல்லிகா அக்கா மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "நம்ம ஆளுங்க நாமளே தின்னா அதுக்குப் பேரு வேண்டுதலா அண்ணே? அது வீட்டுச் சாப்பாடு. வேத்து ஆளுங்க சாப்பிடணும்."

"வேத்து ஆளுக்கு நான் எங்க போவேன்? ரோட்டுல காக்காகூட இல்ல."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று நினைத்தேன். இரண்டாவது தடவை துடைத்தபோதுதான் வியர்வை இல்லை என்று தெரிந்தது.

எனக்கு எதிர்ப் பக்கம் கண் போனது. பின் தெருக்காரர்கள் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, வாடிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். என்னிடம் ஜாக்கெட் தைக்கும் செல்வி, பிரிஞ்சி அண்டாவையே பார்த்துக்கொண்டு உதட்டை நக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா..." என்றேன். அக்கா திரும்பியதும் மெதுவாகச் சொன்னேன். "அவங்க வேத்து ஆளுங்கதானே?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. சும்மா இருந்திருக்கலாமோ?

"இன்னா டெய்லரம்மா, தெரிஞ்சுதான் பேசறியா?" என்றார் தனசேகர் அண்ணன். "அவங்களுக்கா? நாளைக்கு ஊர் பூரா சொல்லுவாங்க, 'மீந்து போனதைத் தூக்கிட்டு வந்து கெஞ்சினாங்க'னு. மரத்தடியைப் புடிச்சும் தோத்த மாதிரி ஆயிடும்."

"தோக்கறேன், போங்க" என்றார் மல்லிகா அக்கா. "வேண்டுதல் என்னுது."

ஒரு தொன்னையில் சாதத்தை அள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தார். நேராக ஏழுமலை அண்ணன் முன்னால் போய் நின்று, இரண்டு கையாலும் நீட்டினார்.

"சாப்பிடுங்க அண்ணே."

அவர் எழுந்து நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தப்பா நினைக்காதம்மா. நாங்க குடுக்க வந்தவங்க. வாங்கித் தின்ன வரல."

பாருங்கள் இந்த வேடிக்கையை. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் பசி. நடுவில் இரண்டு அண்டா சோறு. ஆனால் கை நீட்ட ஆள் இல்லை. பேராசை என்றால் நாம் எப்போதும் வாங்குகிறவனைத்தான் நினைக்கிறோம். கொடுக்கிற இடத்தை விடாமல் பிடித்துக்கொள்வதற்கு என்ன பெயர்? புண்ணியம் எல்லாம் நமக்கே, தொன்னை எல்லாம் அவர்களுக்கு — இதுவும் பந்தியில் இலையை இழுத்துப் போட்டுக்கொள்கிற அதே சமாசாரம்தானே?

மல்லிகா அக்கா நகரவில்லை. "அண்ணே, என் வீட்டுக்காரர் கால் ஒடிஞ்சு ரோட்டுல கிடந்தப்போ அவரைத் தூக்கி வண்டில போட்டது உங்க தெருப் பசங்க. அன்னிக்கி நாங்க வாங்கிக்கலையா? வேணாம், எங்க தெரு ஆளுங்க வர வரைக்கும் கிடக்கறேன்னு அவரு சொன்னாரா?"

ஏழுமலை அண்ணனின் மீசை லேசாக ஆடியது. பின்னால் கட்டியிருந்த கை ஒன்று அவிழ்ந்தது. ஆனாலும் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. குரலை உயர்த்தி, சாலைக்கு இந்தப் பக்கம் பார்த்துச் சொன்னார்: "சரி, வாங்கறேன். ஆனா பெயின்ட் கடைக்காரரும் நம்ம பிரிஞ்சியை வாங்கணும். அவரு வாங்கட்டும், நான் வாங்கறேன்."

"அவரு மொதல்ல வாங்கட்டும்" என்று இங்கிருந்து பதில் போனது.

"அதெப்படி? நீங்க மொதல்ல."

யார் முதலில் கை நீட்டுவது என்பதற்குப் பேச்சு வார்த்தை நடந்தது. நாடுகள் எல்லைக்கோட்டுக்கு இப்படித்தான் பேசும் போலிருக்கிறது. கடைசியில் செல்விதான் பொறுமை இழந்தாள். "ரெண்டு பேரும் நடு ரோட்டுக்கு வாங்க. ஒரே சமயத்துல மாத்திக்குங்க. எனக்குக் கண்ணு இருட்டுது."

அப்படியே நடந்தது. கொதிக்கும் தாரில், இருவரும் வெறுங்காலில் மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டு, ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கினார்கள். கால் சூட்டிலாவது சீக்கிரம் முடிந்ததே.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க உங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. பின் தெரு முழுக்க மரத்தடியில். எங்கள் தெரு முழுக்க எதிர்ப் பக்கத்தில். தனசேகர் அண்ணன் மூன்றாவது தடவை பிரிஞ்சி வாங்கும்போது, "உப்புக் கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கினார். அங்கே ஏழுமலை அண்ணன், "காரம் ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டே மூக்கைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டார். இருந்தும் அண்டா பாதிதான் இறங்கியது. உடனே போன்கள் பறந்தன. "வீட்ல சமைச்சிருந்தா அப்படியே மூடி வை. எல்லாரும் கிளம்பி வாங்க." முருகையன் அண்ணன் தன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய், பின் தெருவிலிருந்து நடை நடையாக ஆட்களை ஏற்றிவந்து இறக்கினார். இறங்கியவர்களை அக்கா கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அடியில் கொஞ்சம் காந்தலாக ஒட்டியிருந்த சோற்றை யாரும் கேட்கவில்லை. அக்கா கரண்டியால் சுரண்டிப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றார். "அதைத்தான் எனக்கு மீத்து வச்சியா?" என்று ஏழுமலை அண்ணன் கரண்டியை வாங்கி, அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டு, சுரண்டி எடுத்துத் தின்றார். வெளியே வந்தபோது மீசையில் ஒரு பருப்பு. அக்கா அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு அவருக்கும் ஒரு தொன்னை பிரிஞ்சி வந்தது. அன்று அவர் வாயில் வைத்த முதல் கவளம் அது.

பொழுது சாய்ந்தது. பௌர்ணமியும் தொடங்கியது. ஜனங்கள் ஆறு மாதிரி வர ஆரம்பித்தார்கள். ஊரிலேயே நல்ல இடத்தில், இரண்டு காலி அண்டாக்களை வைத்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

"சாப்பாடு இருக்குங்களா?" என்று ஒரு அம்மா கேட்டார்.

"தீந்து போச்சும்மா" என்றார் மல்லிகா அக்கா. தீர்ந்துபோனதை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்னவரை நான் பார்த்ததில்லை. இரண்டு தெருத் தண்ணீரையும் ஒரே டிரம்மில் கொட்டி, வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தோம்.

அப்புறம் என்ன, மனிதர்கள் திருந்திவிட்டார்கள் என்று எழுதி முடிக்கத்தான் ஆசை. போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு தெருவும் சேர்ந்து கூட்டம் போட்டது. இனி ஒரே அண்டா, ஒரே பேனர் என்று முடிவானது. எல்லோரும் கை தட்டினோம். தட்டி முடிப்பதற்குள் தனசேகர் அண்ணன் எழுந்து, ஏழுமலை அண்ணன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "நம்ம ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டோம். இனிமே அந்த ரயில்வே கேட் தெருக்காரங்க நம்ம மரத்தடிப் பக்கம் தலை காட்ட முடியாது."

இதற்கு இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.

நானும் தட்டினேன். ரயில்வே கேட் தெரு அன்னதானத்தில் தயிர் சாதம் பிரமாதமாக இருக்குமாம்... எத்தனை மாதத்தில் அவர்களோடு சண்டை முற்றும் என்று காத்திருக்கிறேன்.