மேம்பாலத்தில் மலை ஏறியவள்

எங்கள் ஊரில் மலை இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். குத்தாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம்; அருவி விழும் குற்றாலம் இல்லை, நெல் விளையும் குத்தாலம். எந்தப் பக்கம் திரும்பினாலும் நெல், அதற்கப்பால் தென்னை, அதற்கப்பால் வேறொருவருடைய நெல். மேடு என்று நாங்கள் சொல்வது, வெள்ளம் வந்தால் மாடுகளைக் கொண்டுபோய்க் கட்டும் இடத்தை. அதில் ஏற எங்கள் மாடுகளுக்கே மூச்சு வாங்காது.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து மலைப்பாதையில் நாள் முழுக்க ஓடும் போட்டிக்கு நான் பெயர் கொடுத்தேன். வீட்டிலிருந்தபடியே மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. மற்றவர்கள் எழுதியதில் எங்கே பிழை இருக்கிறது என்று தேடி, வரிசை எண் போட்டு அவர்களுக்கே அனுப்பி வைப்பேன். அவர்கள் நன்றி சொல்வதில்லை. நாற்காலியிலேயே இருந்து முதுகு வலி வந்தபோது டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தேன், பிறகு ஓடினேன். சமதளத்தில் ஓடுவதில் ஒரு சிக்கல், எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியாது. அப்படி நிறுத்தாமல் போனதில் வந்து சேர்ந்த இடம்தான் மலை.

முதல் தடவை போன வருஷம். நான் கிளம்புவதற்கு முன்பே அப்பா கூடத்துச் சுவரில் பதக்கத்துக்காக ஓர் ஆணி அடித்துவிட்டார். நான் மலையடிவாரத்தில் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி ஓடி, முதல் ஏற்றத்தின் பாதியில் ஒரு பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஜீப்பில் இறக்கிக் கொண்டுவந்தார்கள். தோல்விக்கான காரணங்களைப் பட்டியல் போட்டேன். ஒன்று, மலை. இரண்டாவது எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

ஆணி சும்மா இருந்தால் கண்ணை உறுத்துகிறது என்று அம்மா அதில் ரேஷன் பையை மாட்டினாள். வருகிறவர்களெல்லாம் அந்தப் பையைப் பார்த்து, "மெடல் நல்லா பெருசா குடுத்துருக்காங்களே" என்றார்கள். இரண்டாம் தடவைக்குப் பெயர் கொடுக்கிறேன் என்றபோது அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"போ. வேணாங்கல. இந்தத் தடவயும் ஜீப்புல எறங்குனேன்னா, அந்த ஷூவ நான் போட்டுகிட்டு வயலுக்குப் போயிடுவேன். அதுக்கப்புறம் மலைங்கிற பேச்சே இந்த வீட்ல கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். அம்மா சொன்னால் செய்வாள். எங்கள் இருவருக்கும் கால் அளவும் ஒன்றுதான்.

பயிற்சிக்கு உயரம் வேண்டுமே. சுற்று வட்டாரத்தில் உயரமானவற்றைக் குறித்துப் பார்த்தேன். கோபுரங்கள் உண்டு, ஏற விடமாட்டார்கள். தண்ணீர்த் தொட்டி உண்டு, ஏறினால் ஊரே கூடிவிடும். மிஞ்சியது ரயில்வே மேம்பாலம். விடிந்ததும் அதில் ஏறுவேன், இறங்குவேன், திரும்ப ஏறுவேன். மேம்பாலத்தில் உள்ள தொல்லை, எங்கள் பக்கத்து ஜனங்களின் நல்ல மனசு. தனியாக ஒரு பெண் ஓடினால் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டாள் என்றுதான் முடிவு செய்வார்கள். மொபெட்டில் பால் கேன் கட்டிக்கொண்டு போகும் ஒருவர் தினமும் நிறுத்துவார்.

"ஏறும்மா. எங்க போவணும்?"

"எங்கயும் இல்லீங்கண்ணே. மலை ஏறப் பழகுறேன்."

அவர் பாலத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். "இது பாலம்மா" என்றார் மெதுவாக, உடம்பு சரியில்லாதவரிடம் பேசுகிற குரலில்.

ஒரு நாள் மறுக்கக் கூச்சப்பட்டு ஏறிக்கொண்டேன். பாலத்தின் மறுபக்கம் இறக்கிவிட்டார். நன்றி சொல்லிவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே வந்த வழியே திரும்ப ஓடினேன். அதற்குப் பிறகு அவர் நிறுத்துவதில்லை. தள்ளி ஓட்டிக்கொண்டு போனார்.

அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளைப் படிப்படியாக அடுக்கியிருப்பார்கள். எங்கள் ஊரில் அதுவே பெரிய சிகரம். அனுமதி கேட்டு அதில் ஏறி இறங்கினேன். சுமை தூக்கும் அண்ணன்கள் டீ குடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"ஏறுறதுதான் ஏறுற, ஒரு மூட்டையத் தூக்கிகிட்டு ஏறும்மா. எங்களுக்கும் ஒத்தாசையா இருக்கும்."

முயன்று பார்த்தேன். மூட்டை நகரவில்லை, நான்தான் நகர்ந்தேன். கடைசியில் இரக்கப்பட்டுப் பதர் நிரப்பிய ஒரு மூட்டையைக் கட்டிக் கொடுத்தார்கள். அதை முதுகில் வைத்துக்கொண்டு ஏறினால் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு நான் பெரிய பலசாலி. "மூட்ட பெருசு, கனம் இல்ல. ஆளுக்கேத்த மூட்ட" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரித்ததில் மூட்டை விழுந்தது.

போட்டிக்கு என்னோடு அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை, பக்கத்துத் தெரு. ஓட்டத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, சாப்பாட்டைப் பற்றித் தெரியாதது ஒன்றும் இல்லை. எங்கள் குடும்பத்தில் அத்தை அளவுக்கு வேகமாகச் சாப்பிட ஆள் கிடையாது. பந்தியில் மற்றவர்கள் சாம்பாரில் இருக்கும்போது அவள் மோருக்கு வந்திருப்பாள். எல்லோரும் முடிக்கும்வரை யாரும் எழக் கூடாது என்பதால், கல்யாண வீடுகளில் அத்தை பாதி நேரம் காலி இலைக்கு முன்னால் பெருமூச்சு விட்டபடி உட்கார்ந்திருப்பாள்.

அத்தையின் மூட்டையில் பதர் இல்லை. இரண்டு அடுக்குத் தூக்குகள் நிறையப் புளியோதரையும் தயிர்சாதமும், வடகம், மாவடு, அதோடு ஒரு கட்டு வாழை இலை. மலையில் தட்டு எப்படி இருக்குமோ என்று சந்தேகம். ரயிலில் அவளுக்கு விதிகளைப் படித்துக் காட்டினேன். வழி நெடுக மரங்களில் ஆரஞ்சு ரிப்பன் கட்டியிருக்கும். எந்த வண்டியிலும் ஏறக் கூடாது. எல்லோருக்கும் கடைசியாக ஒருவர் ரிப்பன்களைக் கழற்றிக்கொண்டே வருவார். வழியில் தண்ணீரும் தீனியும் கொடுத்து எண் குறித்துக்கொள்ளும் நிலையங்கள் உண்டு; அவர் ஒரு நிலையத்தை விட்டுக் கிளம்பிவிட்டால் அந்த நிலையம் மூடப்பட்டது, பின்னால் வருபவர்கள் வெளியேற வேண்டியதுதான்.

"கடைசி நெலயத்துல நீ இரு அத்தை. நான் வருவேன்."

அத்தை முறுக்கு மென்றுகொண்டிருந்தாள். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

இந்த முறை கன்றுக்குட்டியாக ஓடவில்லை. மெதுவாக, பால்காரரின் மொபெட் மாதிரி ஏறினேன். போன வருஷம் கட்டிப்பிடித்த பாறையைத் தாண்டும்போது தலையசைத்துவிட்டுப் போனேன். முகட்டுக்கு வந்தாயிற்று. இனிக் கிழக்குச் சரிவில் இறங்கினால் கடைசி நிலையம். அங்கேதான் மூடுபனி வந்தது. ரிப்பன் தெரியவில்லை, பாதை தெரியவில்லை, என் ஷூ மட்டும் தெரிந்தது.

இங்கே எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் இடது வலது பேச மாட்டோம். அடுக்களைக்குள்கூட "தெக்கால அலமாரியில கெழக்கோரம் இருக்கற டப்பா" என்றுதான் சொல்வோம். வெளியே எங்காவது திசை குழம்பினால் ஆற்றைப் பார்ப்போம். வாய்க்கால் வளைந்து நெளிந்து போகலாம், ஆறு எங்களை ஏமாற்றாது. தண்ணீர் கிழக்கே போகும். கடல் அங்கேதான் இருக்கிறது.

பனிக்குள் சலசலவென்று சத்தம் கேட்டது. ஓர் ஓடை. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. அதையொட்டியே இறங்கினேன். கையிலிருந்த கடிகாரம் அதிர்ந்தது. அதில் வழி முழுவதும் ஏற்றியிருந்தேன். பாதை தவறிவிட்டாய் என்றது. ஓடையைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன். கடிகாரத்தில் பிழை என்று முடிவு செய்தேன். பிழை கண்டுபிடிப்பது என் தொழில். அதற்கான அறிக்கையை மனதுக்குள் எழுதிக்கொண்டே நல்ல வேகத்தில் இறங்கினேன். கடிகாரம் விடாமல் அதிர்ந்தது. ஒலியை அணைத்தேன், அதிர்வையும் அணைத்தேன்.

அடிவாரத்தில் பனி விலகியபோது ஒரு டீக்கடை இருந்தது. பிற்பகல் வெயில் நேராக முகத்தில் அடித்தது. கிழக்கே போகிறவளின் முகத்தில் மத்தியானத்துக்கு மேல் வெயில் அடிக்காது. டீக்கடை அக்காவிடம் கேட்டேன், "இந்தத் தண்ணி எங்கக்கா போவுது?"

"கேரளாவுக்குங்க கண்ணு."

"கெழக்க போவாதா?"

"அதெப்படிங்க போகும்?" என்றார் அவர், நான்தான் ஏதோ புதுப் பழக்கம் சொல்வது போல.

பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது. திரும்பினால் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், நெஞ்சில் போட்டி எண். சென்னையிலிருந்து வந்தவர், முகட்டிலிருந்தே என் பின்னால் வந்திருக்கிறார்.

"ஏன் சார் என் பின்னாடி வந்தீங்க?"

"நீங்க அவ்வளவு உறுதியா போனீங்கம்மா. வழி தெரிஞ்சவங்கன்னு நெனச்சேன்."

"நான் தண்ணி கெழக்க போவும்னு போனேன் சார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சென்னையிலயும் கடல் கிழக்கதான்" என்றார்.

கடை வாசலில் காய்கறி ஏற்றிய ஜீப் நின்றது. "ஏறுங்க, மேல ரோட்டுல விட்டுடறேன்" என்றார் ஓட்டுநர். சென்னைக்காரர் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார். எனக்கு அம்மா தெரிந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் ஷூவோடு சேற்றில் இறங்கி நாற்று நடுகிறாள். ஷூ உள்ளே போய் மறைகிறது.

"நான் ஏறலீங்கண்ணே" என்றேன். "சார், நீங்க வேணும்னா போங்க. நான் வந்த வழியே மேல போறேன்."

"வழி?"

"இந்தத் தடவ வாட்ச் சொல்லும்."

அவர் ஜீப்பைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். காலை வெளியே எடுத்து, ஜீப்பின் கதவை மரியாதையாகச் சாத்தினார்.

கடிகாரத்தின் அதிர்வைத் திரும்பப் போட்டதும் அது ஒரே ஒரு தடவை அதிர்ந்தது. கோபத்தில்தான் என்று நினைக்கிறேன். ஏறினோம். மலை என்று நினைத்தால் கால் வரவில்லை, அதனால் ஒரு மேம்பாலம் என்று நினைத்து ஏறினேன். பிறகு இன்னொரு மேம்பாலம். சென்னைக்காரர், "இன்னும் எவ்வளவும்மா?" என்று கேட்கும்போதெல்லாம், "நாலஞ்சு மேம்பாலம்தான் சார்" என்றேன். அவர் அதை ஏதோ மலையேற்ற அளவை என்று எடுத்துக்கொண்டு, சற்று நேரத்தில் அவரே, "ஒரு மேம்பாலம் முடிஞ்சுதுல்ல?" என்று கேட்க ஆரம்பித்தார். பாதி வழியில் எனக்கு வாந்தி வந்தது. அவர் முதுகைத் தட்டிவிட்டு, அடுத்த வளைவில் தானும் எடுத்தார். மறுபடி முகட்டுக்கு வந்தபோது பனி இல்லை. ரிப்பன்களும் இல்லை. கழற்றுகிறவர் எங்களைக் கடந்து போய்விட்டார்.

"அப்ப முடிஞ்சுதா?" என்றார் சென்னைக்காரர்.

விதிப்படி முடிந்துதான் இருக்க வேண்டும். நிலையம் மூடியிருக்கும். ஆனால் அதை என் கண்ணால் பார்க்காமல் முடிவு எழுத எனக்குப் பழக்கமில்லை. கடிகாரம் காட்டிய வழியில் கிழக்கே இறங்கினோம்.

கடைசி நிலையத்தில் தார்ப்பாய் விரித்து, வரிசையாக வாழை இலை போட்டிருந்தது. நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் இருவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்து, கழற்றிய ஆரஞ்சு ரிப்பன்களைக் கழுத்தைச் சுற்றி மாப்பிள்ளை மாலை மாதிரி போட்டுக்கொண்டு ஒரு பெரிய மீசைக்காரர். மூவருடைய இலையும் துடைத்து வைத்தது போல் காலி. வரிசையின் கடைசியில் அத்தை. அவள் இலையில் புளியோதரை குவியலாக இருந்தது. அதிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, வாயில் போட்டு நிதானமாக மென்றாள்.

"அம்மா, நான் கெளம்பணுங்க" என்றார் மீசைக்காரர். அழுதுவிடுவார் போலிருந்தது.

"கெளம்புங்க தம்பி, யாரு வேணாங்கறா? நான் ஒருத்தி முடிச்சிட்டேன்னா எல்லாரும் சேந்து எந்திரிச்சிடலாம். ஒரு பொம்பள சாப்புட்டுகிட்டு இருக்கறப்ப பந்தியில பாதியில எந்திரிக்கிறது நல்லாவா இருக்கு?"

"நீங்க ரொம்ப மெதுவா சாப்பிடறீங்கம்மா."

"எனக்குச் சின்ன வயசுலேந்தே அப்படித்தான்" என்றாள் அத்தை.

அப்போதுதான் என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. குவியல் முழுவதையும் கையால் ஒன்றாகத் திரட்டி இரண்டே வாயில் முடித்தாள். மாவடு ஒன்றைப் போட்டுக்கொண்டு, இலையைத் தன் பக்கமாக மடித்தாள்.

"ம். எந்திரிங்க" என்றாள்.

நிலையத்துக்காரர் கை கழுவிவிட்டு வந்து எங்கள் எண்களைக் குறித்துக்கொண்டார். மீசைக்காரர் இன்னும் கிளம்பவில்லையே, நிலையம் திறந்துதானே இருக்கிறது. சாப்பிட ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். "ஒரு பருக்க கெடயாது. ஓடு" என்றாள் அத்தை.

ஓடினோம். பின்னால் மீசைக்காரர் ரிப்பன் கழற்றிக்கொண்டு வந்தார். எங்களை முந்தவேண்டும் என்று அவருக்கு ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலும் அத்தை பரிமாறிய அளவுக்கு அவரால் முடிந்திருக்காது. ஏப்பம் மட்டும் அவ்வப்போது காதில் விழுந்தது. முடிவுக் கோட்டில் காற்றடித்த வளைவு பாதி காற்று இறங்கிக் குனிந்திருந்தது. சென்னைக்காரரும் நானும் தலையைத் தாழ்த்தி அதனடியில் நுழைந்தோம். கழுத்தில் பதக்கத்தைப் போட்டார்கள். அவர் அதைக் கையிலெடுத்துப் பார்த்து, "மொத்தம் எத்தன மேம்பாலம்மா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்தபோது சுவரெல்லாம் புது வெள்ளை. அப்பா சுண்ணாம்பு அடித்திருந்தார். அடிக்கும்போது ஆணியைப் பிடுங்கிவிட்டிருந்தார்.

"நீ மெடலோட வந்து நிப்பேன்னு தெரியாதும்மா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அம்மா பதக்கத்தைக் கையில் வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்தாள். என் ஷூவையும் பார்த்தாள். அதில் இவ்வளவு சேறு எங்கே பட்டது என்று மட்டும் கேட்டாள். பிறகு சுத்தியலைக் கொண்டுவந்து என்னிடமே கொடுத்தாள்.

"கெழக்கால செவுத்துல அடி."

நான் ஆணியை எடுத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றேன். பிறந்த வீடு. இருந்தாலும் ஒரு நிமிஷம் கொல்லைப் பக்கம் போய், ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் அடித்தேன்.