மாயா கட்டிய ஜெட்

வியாசர்பாடியில் வாரியக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருக்கும் மாயாவுக்கு முப்பத்தொன்பது வயது. காசிமேட்டில் அலி அக்பர் பாயின் பட்டறையில் ஃபைபர் படகு கட்டுவதும், பாறையில் மோதி வந்த படகுகளைச் சரிசெய்வதும் அவள் வேலை. பதினெட்டு வருஷம் ஆகிறது. சேர்ந்த புதிதில் பெருக்கவும் டீ வாங்கவும்தான் வைத்திருந்தார்கள். ரெசின் பசையின் வாடைக்குத் தலை சுற்றி இரண்டு ஆட்கள் நின்றுவிட்ட ஒரு வாரத்தில் அவள் பிரஷ்ஷைக் கையில் எடுத்தாள். பிறகு கீழே வைக்கவில்லை. வேலை முழுக்கக் கைக்கு வந்த பிறகும் வருகைப் பதிவில் அவள் பெயருக்கு எதிரே ‘ஹெல்பர்’ என்றே இருந்தது. ஒரு நாள் காலையில் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மேஸ்திரி என்று எழுதினால்தான் இன்றைக்குப் படகைத் தொடுவேன் என்று வாசலிலேயே நின்றாள். பாய் சிரித்துக்கொண்டே எழுதினார். மாயா சிரிக்கவில்லை.

விமானம் அவள் கைக்கு வந்தது ஆறு வருஷத்துக்கு முன்பு. ஈஞ்சம்பாக்கத்தில் வீடும் சொந்த டைல்ஸ் கம்பெனியும் உள்ள அர்ஜுன், நடுவில் பிளந்துபோன ஒரு மாதிரி விமானத்தைக் காரில் போட்டுக்கொண்டு வந்தார். ரிமோட்டில் பறக்கும் பெரிய விமானம், ஆள் நீளம். படகுக்காரர்களுக்கு ஃபைபர் வேலை தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் பொம்மை என்று ஒதுங்கிக்கொண்டபோது மாயா எடுத்துப் பார்த்தாள். படகு என்றால் கனமாகப் போட்டால் போட்டவரைக்கும் நல்லது. இதிலோ முட்டை ஓடு மாதிரி மெல்லிசாக இருக்க வேண்டும், உடையவும் கூடாது. மெல்லிய துணியை விரித்து, ரெசினைத் தடவி, மிச்சத்தையெல்லாம் பிழிந்து எடுத்து, நாலு நாளில் ஒட்டிக் கொடுத்தாள். ஒட்டிய இடம் எது என்று அர்ஜுனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அர்ஜுனின் கிளப்பில் எது விழுந்தாலும் காசிமேட்டுக்குத்தான் வந்தது. மீஞ்சூரைத் தாண்டி ஒரு தனியார் நிலத்தில், முறையாக அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் பறக்கவிடுவார்கள். ஒட்டிய விமானத்தைக் கொடுக்கப்போன மாயா அங்கேயே நின்று பார்த்தாள். பிறகு ஓட்டவும் கற்றுக்கொண்டாள். அவள் கையில் ரிமோட்டைக் கொடுத்தது பிரியத்தினால் அல்ல. பழுது பார்த்த விமானம் முதல் தடவை எப்படிப் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. விழுந்தால் அவமானம். அதனால் அந்த முதல் தடவையை அவளிடம் தள்ளிவிட்டார்கள். ஒழுங்காகப் பறந்து இறங்கியதும் ரிமோட் சொந்தக்காரர் கைக்குப் போய்விடும், போட்டோ எடுப்பார்கள். அப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்களை அவள் முதலில் எழுப்பி இறக்கியிருக்கிறாள். ஒரு போட்டோவிலும் அவள் இல்லை. கிளப்பில் உறுப்பினராகச் சேர மூன்று முறை விண்ணப்பம் கொடுத்தாள். கமிட்டியில் வைக்கிறோம் என்பதே மூன்று முறையும் பதில்.

அப்போதுதான் சொந்தமாக ஒன்று கட்ட வேண்டும் என்ற வீம்பு வந்தது. பட்டறையின் பின்பக்கக் கொட்டகையை பாய் ஞாயிறுகளில் விட்டுக்கொடுத்தார். முதலில் மரத்தில் உருவம் செதுக்கி, அதிலிருந்து இரண்டு பாதியாக மோல்டு எடுத்து, அந்த மோல்டில் உடம்பை வார்த்தாள். நீளம் எட்டரை அடி. மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன டர்பைன் இன்ஜின், யாரோ ஒரு உறுப்பினர், விழுந்து நொறுங்கிய தன் விமானத்திலிருந்து கழற்றிப் போட்டது. பெங்களூரு வரை அனுப்பிச் சரிசெய்து வாங்கினாள். அவள் கணவன் ஜெயவேல் துறைமுகத்தில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டி வரிசையில் நிற்கும் மணிக்கணக்கான நேரத்தில் உட்கார்ந்து விமானத்தின் சக்கரக் கால்களை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுப்பான். இரண்டு வருஷம் பிடித்தது.

கட்டுவதைவிடப் பெரிய வேலை நிறை பார்ப்பது. இறக்கையின் அடியில் ஒரு குறி உண்டு. அந்த இடத்தில் தாங்கிப் பிடித்தால் மூக்கு ஒரு துளி கீழே சாய வேண்டும். வால் சாய்ந்தால் விமானம் சொல்பேச்சுக் கேட்காது, எழும்பும்போதே மல்லாந்துவிடும். மாயா பைப்பை வளைத்து ரப்பர் வைத்து ஒரு ஸ்டாண்டு செய்தாள். பேட்டரியை விரற்கடை விரற்கடையாக நகர்த்தி, மூக்கில் ஈயத்துண்டு வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, பதினோரு நாள் அதோடு மல்லுக்கட்டினாள். பிறகு மீஞ்சூரில் அடுத்தடுத்த மூன்று ஞாயிறுகளில் மூன்று முறை பறக்கவிட்டாள். மூன்று முறையும் ஜெயவேல் போனில் வீடியோ எடுத்தான்.

உறுப்பினர் அல்லாதவர் பெயரில் விமானத்தைப் பதிய முடியாது என்பது கிளப்பின் சட்டம். அர்ஜுன்தான் வழி சொன்னார். சும்மா பேருக்கு என் பெயரில் பதிந்துகொள்ளலாம், ஓட்டுவது நீதான் என்றார். மாயா நம்பினாள். ஆண்டு விழாவில் பறக்கவிடலாம் என்று அவர் கேட்டபோது சந்தோஷமாக ஒப்புக்கொண்டு, முந்தின நாளே குட்டி யானை வண்டியில் ஏற்றி மைதானத்துக் கொட்டகையில் இறக்கிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் வாசலிலேயே பெரிய பேனர். ஜெட்டின் படம், அதன் பக்கத்தில் அர்ஜுனின் படம். ‘வடிவமைப்பும் தயாரிப்பும்: அர்ஜுன். விமானி: அர்ஜுன்.’ மாயாவிடம் ஒரு மஞ்சள் டி-சர்ட்டை நீட்டினார்கள். முதுகில் ‘உதவியாளர்’ என்று அச்சடித்திருந்தது. டி-சர்ட்டை மடித்து மேசையிலேயே வைத்துவிட்டு அர்ஜுனைத் தேடிப் போனாள்.

அவர் கூச்சப்படவே இல்லை. சிறப்பு விருந்தினர் வருகிறார், ஸ்பான்சர் இருக்கிறார்கள், பேனரில் ஒரு பெயர்தான் போட முடியும், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார். அவளைவிட ஏழெட்டு வயது சின்னவர். ஆறு வருஷமாக அவள் சார் என்கிறாள். அவர் நீ என்கிறார். அன்றைக்குத்தான் அது அவளுக்கு உறைத்தது.

சண்டை போட வாயெடுத்தவளின் கண் விமானத்தின் வால் பக்கம் போனது. மூடியின் திருகாணிகளை யாரோ கழற்றி மாட்டிய தடம். திறந்தாள். உள்ளே, வாலை ஒட்டி, எண்ணெய் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் டப்பா. விழாவில் கலர் புகை விட வேண்டும் என்று ராத்திரி அர்ஜுன் ஆள் வைத்துப் பொருத்தியிருக்கிறார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாயா ஸ்டாண்டை எடுத்து வைத்தாள். ஜெயவேலும் அவளும் விமானத்தைத் தூக்கி அதன் மேல் வைத்துக் கையை எடுத்ததும், வால் தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. நாலைந்து உறுப்பினர்கள் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள்.

“இத்தக் கயட்டிட்டு வுடுங்க சார். இப்டியே வுட்டா எயும்புன ஒடனே மல்லாந்துக்கும்.”

“டேங்க்ல ஃப்யூல் போட்டா சரியாயிடும் மாயா. நீ டென்ஷன் ஆவாத.”

“ஃப்யூல் டேங்க் குறி மேலயே கீது. ரொம்புனாலும் காலியானாலும் வாலு வாலுதான். நான் கட்னது சார், எனக்குத் தெரியாதா?”

அர்ஜுன் கிளப் செயலாளரைப் பார்த்தார். அவர் வாட்சைப் பார்த்தார். கழற்றி மாற்றி மறுபடி நிறை பார்க்க ஒரு மணி நேரம் ஆகும். விருந்தினர் வந்து உட்கார்ந்தாயிற்று. அர்ஜுன் அனுபவம் உள்ளவர், சமாளிப்பார் என்று செயலாளர் முடித்துவிட்டார். மாயா குறுக்கே நின்றாள். பதிவு அர்ஜுன் பெயரில் இருக்கிறது, சட்டப்படி அவருடைய விமானம், நீங்கள் தள்ளி நில்லுங்கள் என்றார்கள். காவலாளி ஒருவர் வந்து அவள் கையைத் தொடாமல், ஆனால் தொடுகிற தூரத்தில் நின்றார்.

அவளால் அப்போது செய்ய முடிந்தது ஒன்றுதான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய், குழந்தைகளோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பி, வண்டிகளுக்குப் பின்னால் போகச் சொன்னாள். சிலர் முறைத்தார்கள். அவள் முகத்தைப் பார்த்த பெண்கள் பேசாமல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஜெட் ஓடுதளத்தில் ஓடி, சக்கரம் தரையை விட்டதுமே மூக்கைச் செங்குத்தாகத் தூக்கியது. அர்ஜுன் என்னென்னவோ செய்தார். ஒரு கணம் அது அப்படியே காற்றில் நின்றது. பிறகு ஒரு பக்கமாகச் சரிந்து, ஓடுதளத்துக்கு அப்பால் காய்ந்த வயலில் குத்தியது. தீயை அணைக்கும் ஆட்கள் ஓடினார்கள். யாருக்கும் அடியில்லை. இரண்டு வருஷ வேலை பறந்தது நாலு விநாடி.

மைக்கில் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். அவள் காதில் செயலாளர் ஏதோ சொன்னார். அந்தப் பெண் அப்படியே அறிவித்தாள்: கட்டுமானக் குறைபாடு காரணமாக விமானம் விழுந்துவிட்டது, இதைக் கட்டியவர் காசிமேடு படகுப் பட்டறையைச் சேர்ந்த திருமதி மாயா.

பறக்கும் என்று நினைத்தவரை அது அர்ஜுனுடைய விமானம். விழுந்த மறுநிமிஷம் மாயாவுடையது. பேனரில் இடமில்லாத பெயருக்கு மைக்கில் இடம் கிடைத்துவிட்டது.

மாயா வயலுக்குள் போனாள். கரி படிந்த வால் துண்டைப் புரட்டி, பாதி உருகிய டப்பாவைக் கம்பியோடு பிடுங்கினாள். கை சுட்டது. அதை எடுத்துவந்து, விருந்தினர் முன்னால் பூச்செண்டுகள் வைத்திருந்த மேசையின் நடுவில் வைத்தாள்.

“மைக்குல சொன்னத அதே மைக்குல மாத்திச் சொல்லுங்க.”

சாப்பாடு தயார், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று செயலாளர் மைக்கை அணைக்கச் சொன்னார். டீசல் இன்ஜின் இரைச்சலுக்கு நடுவில் பதினெட்டு வருஷம் பேசிப் பழகியவளுக்கு மைக் எதற்கு? குரலை உயர்த்தாமலே மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

“இத்தக் கட்னது நான். மூணு வாட்டி பறக்கவுட்டு எறக்கனதும் நான். வீடியோ கீது. நேத்து ராத்திரி என்னைக் கேக்காம வால்ல டப்பா வெச்சது இவரு. வாலு சாயுதுன்னு இவங்க கண்ணு முன்னாலயே காட்னேன். இப்ப என் கையில தப்புன்றாங்கோ. ஒயுங்கா சொல்லட்டும், நான் போறேன்.”

உறுப்பினர்களில் ஒருவர், வெற்றி என்கிற பல் டாக்டர், மெதுவாக எழுந்து வந்தார். அவருடைய விமானங்களையும் மாயா ஒட்டியிருக்கிறாள். எண்ணெய் கொட்டிப்போன டப்பாவைப் பார்த்துவிட்டு, கொட்டகையில் மிச்சமிருந்த அதே மாதிரி இன்னொரு டப்பாவை எண்ணெய் ஊற்றி எடை போட்டார். முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வாலில் இவ்வளவு வைத்தால் யார் ஓட்டினாலும் விழும், அந்தம்மா சொன்னது சரி என்றார். அர்ஜுன் காரில் ஏறிப் போய்விட்டார். மைக் கடைசிவரை திறக்கப்படவில்லை.

பத்து நாள் கழித்து கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்ததாக வெற்றி காட்டினார். ‘தகவல் பரிமாற்றத்தில் நேர்ந்த இடைவெளியால் ஏற்பட்ட விபத்து’ என்று அதில் இருந்தது. அவளைச் சமாதானப்படுத்த கௌரவ உறுப்பினர் அட்டை ஒன்றும் பட்டறைக்கு வந்தது. மாயா அட்டையை அதே உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினாள். அவள் கேட்டது இரண்டே வரி: கட்டியது யார், டப்பா வைத்தது யார். அதை எழுத அவர்களுக்குக் கை வரவில்லை.

அன்றோடு கிளப் விமானங்களைத் தொடுவதை நிறுத்தினாள். மழைக்காலம் முடிவதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் உடைந்த இறக்கைகளோடு காசிமேட்டுக்கு வந்து போனார்கள். பாய்க்கு இரக்கம். அவர்களும் என்னம்மா செய்வார்கள், இத்தனை தடவை நடக்கிறார்களே என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார். இறக்கை ஒடிந்தால் ஒட்டலாம் பாய், பேச்சை எங்கே ஒட்டுவது என்று சொல்லிவிட்டுப் படகு வேலையைப் பார்த்தாள்.

மோல்டு கொட்டகையில்தான் இருந்தது. தை பிறந்ததும் அதைத் துடைத்து மெழுகு பூசி மறுபடி வார்க்க ஆரம்பித்தாள். வயலில் கிடைத்த இன்ஜினை மறுபடி பெங்களூருவுக்கு அனுப்பிச் சரிசெய்து வாங்கினாள். இதற்கிடையில் வெற்றியும் மூன்று பேரும் அந்தக் கிளப்பைவிட்டு வெளியே வந்து, பொன்னேரி பக்கம் வேறு நிலம் பார்த்து, தனியாகச் சங்கம் பதிந்தார்கள். உறுப்பினர் பட்டியலில் ஐந்தாவது பெயர் மாயாவுடையது. படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ஃபைபர் மேஸ்திரி என்று அவளே எழுதினாள்.

இரண்டாவது ஜெட் ஆகஸ்டு மாதம் ஒரு காலையில் எழும்பியது. அதன் மூக்குக்குக் கீழே, தூரத்திலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிதாக, ‘மாயா, வியாசர்பாடி’ என்று சிவப்பு பெயின்டில் இருந்தது. பேனர் இல்லை, விருந்தினர் இல்லை. ஆறு நிமிஷம் வட்டமடித்து, வெயிலில் வயிற்றைக் காட்டித் திரும்பி, சக்கரத்தை இறக்கி, அலுங்காமல் வந்து தரையைத் தொட்டது. வெற்றி கையைத் தட்டினார். மாயா ரிமோட்டைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. இன்ஜின் ஆறும்வரை அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தாள்.

ஜெயவேல் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுக் கேட்டான்.

“இன்னாம்மே, கோவம்லாம் போச்சா?”

“இல்ல,” என்றாள். “அந்த மைக்குல சொன்னத யாரும் இன்னும் மாத்திச் சொல்லலியே. அப்பால எப்டிப் போவும்?”

பாட்டிலில் பாதியைக் குடித்துவிட்டு எழுந்து, மறுபடி மண்ணெண்ணெய் நிரப்பப் போனாள்.